பெடலில் கால் வைக்காத டிரைவர்

கியர் விழவில்லை என்று ஒரு வண்டி ஷெட்டுக்கு வந்தால், ஸ்பேனர் பிடிக்கும் உங்களில் பாதிப் பேர் கியர்பாக்ஸைப் பார்ப்பீர்கள். மீதிப் பேர் டிரைவரைப் பார்ப்பீர்கள். கிளட்ச் பிளேட் கருகிய வண்டி என்றால் எல்லாருமே டிரைவரைத்தான் பார்ப்பீர்கள். "பெடல் மேலயே காலை வெச்சிட்டு ஓட்டறாரு" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டால் நம் வேலை சுலபமாகிவிடும். புது பிளேட் போட்டு அனுப்பிவிடலாம். மறுபடி கருகினாலும் கவலையில்லை, பழி போட அதே டிரைவர் இருக்கிறார்.

நான் ஒன்பதாவதில் பாதியில் நின்றவன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். அங்கே காய்ச்சலில் படுத்தபோது லாரி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. காய்ச்சல் விட்டதும் பக்கத்திலிருந்த ஷெட்டில் ஒட்டிக்கொண்டேன். அப்படித்தான் மெக்கானிக் ஆனேன். பிறகு சூரத், ஷார்ஜா, கொஞ்ச காலம் கொச்சி. வேலை எனக்கு எந்த ஊரிலும் சலித்ததில்லை, ஊர்தான் சலித்துவிடும். கடைசியில் செம்மங்குப்பத்தைத் தாண்டி, கடலூர் சிதம்பரம் ரோட்டில் ஒரு தகர ஷெட் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மறுத்த பிறகு அதையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன்.

எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஷெட்டுக்கு வேலைக்கு வரும் பெண் பிள்ளைகள்கூட அதை என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள். ஸ்கேனரைச் செருகினால் பாதிக் குறையை அதுவே சொல்லிவிடுகிறது. நாலு பேர் சுற்றி நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறபோது என்ன செய்வது என்பதை மட்டும் எந்தக் கருவியும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்த வண்டியின் கதை.

அன்று வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஏழு பேர் உட்காரக்கூடிய வெள்ளை வண்டி ஒன்று இரைச்சலோடு ஊர்ந்து வந்து ஷெட் வாசலில் நின்றது. கருகல் வாடை வண்டிக்கு முன்பே வந்துவிட்டது. முன் சீட்டிலிருந்து காதர் பாய் இறங்கினார். பரங்கிப்பேட்டைக்காரர். வெளிநாட்டில் நெடுநாள் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி, அந்த ஒரு வண்டியை வாங்கி, ஊர் ஜனங்களைச் சென்னை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதுமாகப் பிழைப்பவர். கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு அவர் ஓட்டுவதில்லை. அதனால் டிரைவர் வைத்திருந்தார்.

டிரைவர் பெயர் முருகவேல். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துக் குப்பத்து ஆள். மீன்பிடி விசைப்படகில் இஞ்சின் டிரைவராக இருந்தவன். ஒரு தரம் வலை இழுக்கும்போது தோள் மூட்டு விலகி, அதற்குப் பிறகு கடல் வேலைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. கார் லைசென்ஸ் எடுத்து, காதர் பாயிடம் வேலைக்குச் சேர்ந்து, அப்போதுதான் வீட்டில் உலை ஒழுங்காகக் கொதிக்க ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று நான் பார்த்தது, ஸ்டியரிங்கை விட்டு இறங்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனைத்தான்.

பின் சீட்டில் ஒரு இளம்பெண், மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் அவளுடைய அம்மா. அந்தப் பெண் கத்தாரில் இருக்கும் கணவனிடம் முதல் முறையாகப் போகிறாள். இரவு விமானம்.

"மேஸ்திரி, ரெண்டு பிளேட்டு மாத்தியாச்சு. இதுவும் வெந்துக்கிட்டுக் கெடக்கு," என்றார் காதர் பாய். "சிதம்பரத்துல ரெண்டு ஷெட்டுல பாத்தாச்சு. ரெண்டு பேரும் ஒரே பேச்சு, மொதல்ல டிரைவர மாத்துங்கறாங்க."

"நான் காலு வெக்கில பாய்," என்றான் முருகவேல், திரும்பாமலே.

"வெக்காம பிளேட்டு தானா வேகுதா? மேஸ்திரி, இவன் கடல்ல போட்டு ஓட்டுனவன். அங்க காலுக்கு வேலையே இல்ல. இங்க வந்து எங்க வெக்கிறதுன்னு தெரியாம பெடல் மேலயே வெச்சிக்கிட்டு வர்றான்." பிறகு அவனைப் பார்த்து, "இன்னிக்கி இவங்கள மெட்ராஸ்ல எறக்கிட்டு வந்ததும் சாவியக் குடுத்துட்டுப் போயிரு. இதுக்கு மேல என்னால முடியாது," என்றார்.

"சண்டைய வந்து வெச்சிக்குங்க," என்றார் பின் சீட்டு அம்மா. "என் புள்ள பிளைட்ட விட்டுட்டா மாப்பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

எல்லாரையும் இறக்கி நிழலில் உட்கார வைத்துவிட்டு, முருகவேலுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னேன். ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் இடது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கியர் மாற்றி முடித்த உடனே அந்தக் கால் பெடலை விட்டு விலகி, சீட்டுக்கு அடியில் போய் மடங்கிக்கொண்டது. செருப்பும் இல்லை.

"எப்பவும் வெறுங்காலாத்தான் ஓட்டுவியா?"

"சிதம்பரத்துல சொன்னதுலேர்ந்து மாமா. செருப்பு போட்டிருந்தா கால் பட்டாலும் தெரியாது பாருங்க. வெறுங்கால்னா பட்ட ஒடனே எடுத்துறலாம்ல."

அதற்குள் இஞ்சின் கத்த ஆரம்பித்தது. வண்டி வேகம் பிடிக்கவில்லை. வாடை ஏறியது. கால் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, கிளட்ச்சோ பாதி மிதித்த மாதிரி நழுவுகிறது. அவன் மிதிக்கவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்று மிதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஷெட்டுக்குத் திரும்பி வந்து கீழே படுத்து, பழைய கசிவில் கறை பிடித்திருந்த கிளட்ச் சிலிண்டரில் எண்ணெய் வெளியேற்றும் நிப்பிளைத் தளர்த்தினேன். வண்டிக்குள் ஆளே இல்லை. ஆனாலும் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பெடலை மிதித்தால் எண்ணெய் போய்த் தள்ளும், காலை எடுத்தால் அது பானெட்டுக்குள் இருக்கும் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வர வேண்டும். இங்கே போன எண்ணெய் திரும்பி வரவில்லை. உள்ளேயே நின்று தள்ளிக்கொண்டிருந்தது. யார் ஓட்டியிருந்தாலும் அந்த பிளேட் கருகியிருக்கும்.

எண்ணெய் வெளியேறியதும் கிளட்ச் பிடித்துக்கொண்டது. முருகவேல் வண்டியை எடுத்து ஷெட்டைச் சுற்றி வந்தான். கியர் மாறும் சத்தமே இல்லை.

"பாய், டிரைவர் மேல தப்பில்ல. எண்ணெ உள்ள மாட்டிக்கிட்டுத் தள்ளியிருக்கு," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று எழுந்தார் அந்த அம்மா. "ஏறு புள்ள, கெளம்பலாம்."

"ஓடுதுல்ல? போதும் மேஸ்திரி. மிச்சத்த வந்து பாத்துக்கலாம்," என்றார் காதர் பாய்.

முருகவேல் என்னைப் பார்த்தான். போக விடுங்கள் என்று முகம் கேட்டது. அன்று அந்தக் குடும்பத்தைச் சென்னையில் இறக்கிவிட்டுச் சுத்தமாகத் திரும்பி வந்தால் வேலை அவனுக்கே என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். குறையைக் கண்டுபிடித்தாயிற்று. வண்டி ஓடுகிறது. முதலாளி, டிரைவர், பயணி எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். கையைத் துடைத்துக்கொண்டு "போயிட்டு வாங்க" என்று சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நம் தொழிலில் பெரிய விபத்துகள் இந்த நேரத்தில்தான் ஷெட்டை விட்டுப் புறப்படுகின்றன.

நாக்பூரில் என் மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலைக்காக வந்த வண்டியானாலும், ஹார்ன் மாற்ற வந்த வண்டியானாலும், வெளியே போகும் முன் நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று அவருக்குப் பின்னால் நாங்கள் சிரிப்போம். ஏன் என்று அவரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான், மற்றபடி அவர் அடிக்கிற ஆள். அன்றும் கை தானாகப் போனது. முன் சக்கரத்தின் நடுவில் பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டேன். நெருப்பு. நாங்கள் ஓட்டிய தூரம் கொஞ்சம், அதில் பிரேக்கை அழுத்தி மிதித்ததும் இல்லை. மறுபக்கத்துச் சக்கரமும் அதே சூடு.

அந்த வண்டியில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் போவது ஒரே டப்பாவிலிருந்து. பானெட்டைத் தூக்கி மூடியைத் திறந்தேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊறி உப்பி, தன் இடத்தை விட்டு வெளியே தொங்கியது. திருப்பி உள்ளே வைக்க முடியவில்லை. மூடியின் ரப்பர் இந்த கதி என்றால் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் எல்லாம் அதே கதிதான். உப்பிய ரப்பர் எண்ணெய் திரும்பும் துளையை அடைக்க, கிளட்ச்சில் நடந்ததே பிரேக்கிலும் நடந்துகொண்டிருந்தது. ஓட ஓட பிரேக் தானாகப் பிடிக்கும். பிடித்துப் பிடித்துச் சூடேறி, எண்ணெய் கொதித்துவிட்டால் அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது.

"பாய், இந்த வண்டி போவாது."

"இப்பதான ஓடுச்சி?"

"ஓடும். நிக்குமான்னு தெரியாது."

"கிளட்ச்சுன்னு வந்தா பிரேக்குங்கறீங்க. இன்னும் கொஞ்சம் நேரம் நின்னா இஞ்சினும் போச்சும்பீங்க போல," என்றார் அவர்.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நம்மில் சிலர் செய்கிற வேலையால் வந்த சந்தேகம் அது. அவர் கையைப் பிடித்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தொடும் முன்பே கையை எடுத்துக்கொண்டார். நான் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடலூரில் தெரிந்த வண்டிக்காரருக்கு போன் செய்தேன்.

அடுத்த வண்டி வரும்வரை அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் சமமாகத் திட்டினார். குழந்தை அழுதது. அந்தப் பெண் மட்டும் என்னிடம் மெதுவாக, "நெஜமாவே பிரேக்கு புடிக்காதா?" என்று கேட்டாள். "இப்ப புடிக்கும்மா. பாண்டி தாண்டுனா சொல்ல முடியாது," என்றேன். அவள் குழந்தையை மாற்றித் தூக்கிக்கொண்டு, தன் அம்மாவிடம், "விடும்மா, இருந்துட்டே போவோம்," என்றாள். வண்டி வந்ததும் முருகவேல் பெட்டிகளை ஒற்றைத் தோளிலேயே ஏற்றிக் கொடுத்தான். அவர்கள் போன பிறகு ஷெட்டில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம்.

ரப்பர் ஏன் ஊறியது? பக்கத்து டீக்கடையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வாங்கி வந்து, டப்பாவிலிருந்து கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சி அதில் விட்டேன். பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்துவிடும். இஞ்சின் எண்ணெய் மாதிரியானவை கலக்காது, பிரேக் ரப்பருக்கு ஆகவும் ஆகாது. தம்ளரில் எண்ணெய் மேலேயே நின்றது, வெயிலில் நீலமும் ஊதாவுமாக மினுங்கிக்கொண்டு.

முருகவேல் குனிந்து பார்த்தான். துறைமுகத்திலேயே வளர்ந்தவனுக்கு அந்த மினுக்கம் தெரியாமல் இருக்குமா.

"பிரேக் ஆயிலு தண்ணில கலந்துருமா மாமா?"

"கலந்துரும்."

"இது கலக்கல."

"ஆமாம், கலக்கல."

அவன் நிமிர்ந்து இரண்டு அடி பின்னால் போய் நின்றான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"எவன் ஊத்துனான் இத?" என்றார் காதர் பாய். "சிதம்பரத்துக்காரந்தான. கண்டதையும் ஊத்திட்டு டிரைவர மாத்துன்னு எனக்கு யோசன வேற." போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

அவர் நம்பரைத் தேடி முடிக்கும்வரைதான் எனக்கு நேரம். நான் லேசாகத் தலையாட்டினால் போதும், இவன் வேலை பிழைத்துவிடும். சிதம்பரத்து ஷெட்டுக்காரர் எனக்கு யாரோ. டிரைவர் மேல் பழி போட்டுத் தப்பித்தவர்தானே, இந்தப் பழியைச் சுமக்கட்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. முருகவேலைக் கைகாட்டினால் இப்போதே அவன் ரோட்டில் நிற்பான். அதோடு, அவன்தான் ஊற்றினான் என்பதற்கு அவன் முகத்தைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதால்தான் இரண்டு ஷெட்டில் அவன் கால் மேல் பழி விழுந்தது.

"பாய், போன் போடாதீங்க," என்றேன். "எண்ணெ என்னான்னு என்னால சொல்ல முடியும். யாரு ஊத்துனதுன்னு சொல்ல முடியாது. அந்த ஷெட்டுக்காரர்தான்னு நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு, முருகவேல் பக்கம் திரும்பாமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பாமல் இருந்ததுதான் அன்றைக்குச் செய்ததிலேயே கஷ்டமான வேலை. ரோட்டில் ஒரு பஸ் போனது. பிறகு இன்னொன்று.

"நாந்தான் பாய் ஊத்துனேன்."

காதர் பாய் போனை இறக்கினார்.

"வண்டி கைக்கு வந்த நாள்லேர்ந்து தெனமும் காலைல மூடியத் தொறந்து பாக்கறேன். போட்டுல எண்ணெ பாக்காம கயித்த அவுக்க மாட்டோம் பாய். நடுக்கடல்ல கொறஞ்சா யாருகிட்ட போய்க் கேக்கறது? இந்த டப்பால அளவு எறங்கிக்கிட்டே இருந்துச்சி. வலை இழுக்கற வின்ச்சுக்கு ஊத்துற எண்ணெ ஊட்ல மிச்சம் கெடந்துச்சி. அதே நெறம். கொறயக் கொறய அதத்தான் ஊத்திக்கிட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"எண்ணெ ஊத்துறதையெல்லாம் யாருன்னா மொதலாளிகிட்ட சொல்லுவாங்களா? போட்டு டிரைவருக்கு வேலையே அதான."

"அப்ப வெந்த பிளேட்டெல்லாம் உன்னாலதான்."

"ஆமாம் பாய்." என்னைக் காட்டி, "சாவி மேஸ்திரிகிட்டதான் இருக்குது," என்றான்.

இனி நான் பேசலாம் என்று பட்டது. தெரியாததைச் சொல்லாமல் இருப்பது பாதி வேலை. தெரிந்ததை, யாருக்கும் பிடிக்காவிட்டாலும், முழுசாகச் சொல்வது மீதி.

"பாய், இவன் ஊத்துனது பெரிய தப்பு. அத நான் சின்னதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா எண்ணெ எறங்குனது இவனால இல்ல. கிளட்ச் சிலிண்டர்ல கசிவு இருக்குது. நான் கீழ படுத்தப்ப பாத்தேன், அது பழைய கசிவு. அளவு கொறயுதுன்னு கண்டுபுடிச்சது இவன் ஒருத்தன்தான். ரெண்டு ஷெட்டுல கியர்பாக்ஸையே எறக்குனாங்க, இந்த மூடிய யாரும் தொறக்கல. நீங்க தொறந்திருக்கீங்களா?"

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் சக்கரத்துக்கு எதிரில் வெகுநேரம் நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டீ சொல்லுங்க மேஸ்திரி," என்றார். "அவனுக்கும் சேத்து."

முருகவேலுக்கு வேலை இருக்கிறது என்றோ இல்லை என்றோ அன்று அவர் சொல்லவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் சொல்லவில்லை. அந்த எண்ணெய் பட்ட ரப்பர் ஒன்று விடாமல், கசிந்த சிலிண்டரும் கருகிய பிளேட்டும் சேர்த்து, மாற்ற வேண்டியிருந்தது. குழாய்களை எல்லாம் அலசிக் காயவைக்க வேண்டியிருந்தது. முருகவேல் தினமும் பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தான். யாரும் கூப்பிட்டு வரவில்லை. போகச் சொன்னால் போய்விடுவேன் என்பது போல ஓரமாக நிற்பான். கழற்றிய ஒவ்வொன்றையும் துடைத்து வரிசையாக வைப்பான். எந்த எண்ணெய் எங்கே போகும், எது எதோடு சேராது என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

"அப்ப ஒரே நெறமா இருந்தாலும் ஜாதி வேற," என்றான் ஒரு நாள்.

"மனுசனுக்கு அது கெடையாது. எண்ணெக்கு உண்டு," என்றேன். அந்த வாரத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு சோதனை ஓட்டம். நெரிசலில் நின்று நின்று போனால்தான் உண்மை தெரியும் என்பதால் சிதம்பரம் போகலாம் என்றேன். யார் ஓட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. காதர் பாய் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். சாவியை நான் முருகவேல் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார், தடுக்கவில்லை.

கீழவீதியில் ஷேர் ஆட்டோவும் பூக்காரர்களும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுமாக வழி அடைத்துக் கிடந்தது. ஒரு அடி நகர்வது, நிற்பது, மறுபடி ஒரு அடி. கிளட்ச்சுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. நாலு வீதியும் சுற்றி வந்தோம். வாடை இல்லை. ஓரமாக நிறுத்தி இறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டேன். கையை வைத்துக்கொண்டே பேசலாம் போல இருந்தது. காதர் பாயும் இறங்கி, நான் தொட்டதையெல்லாம் மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார்.

திரும்பி வரும்போது புதுச்சத்திரம் நெருங்குகையில் அவருக்கு போன் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். அன்றைக்கு எங்களைத் திட்டிய அந்த அம்மா. மகளும் குழந்தையும் சுகமாகப் போய்ச் சேர்ந்த சமாச்சாரம் எல்லாம் சொல்லிவிட்டு, துபாயிலிருந்து மகன் வருகிறான், ஏர்போர்ட்டில் போய் அழைத்துவர வண்டி வேண்டும் என்றார்.

"வண்டி ரெடியாயிருச்சி. அனுப்பறேன்," என்றார் காதர் பாய்.

"பிரேக்கு?"

"புதுசு."

"டிரைவரு? அன்னிக்கி அந்தத் தம்பிய சாவியக் குடுன்னு வெரட்டுனீங்களே, அவனா, வேற ஆளா?"

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முருகவேலும்தான்.

"அவன்தான்," என்றார் காதர் பாய். "தெனமும் மூடியத் தொறந்து பாக்கற ஆளு வேற யாரு இருக்கா? ஆனா இனிமே எத ஊத்துனாலும் எங்கிட்ட காட்டிட்டுத்தான் ஊத்துவான். இல்லன்னா அவன் தோலை உரிச்சிருவேன், அதையும் ஒங்க மவன்கிட்ட சொல்லி வையிங்க."

முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. முருகவேல் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கியரை ஒன்று இறக்கி, ஹார்ன் அடித்து, தாண்டிப் போனான்.